இடது ஸ்டியரிங்... வலது சாலை!
துபாயில் பயமில்லாமல் கார் ஓட்டப் பழகுவது எப்படி?

மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்து, குளித்துவிட்டு நேரே ஆபீஸ் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பத்து, பதினைந்து வருட அனுபவம், சட்டைப்பையில் லைசென்ஸ். அப்படி ஒருவர் வேலை கிடைத்து துபாயில் இறங்கியதும் ரூமில் இருக்கும் மூத்தவர்களிடம் கேள்விப்படும் முதல் செய்தி, “தம்பி, அந்த லைசென்ஸ் இங்க செல்லாது” என்பதுதான்.

சுற்றுலா விசாவில் வந்தவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் காட்டி வாடகைக்கு கார் எடுக்கலாம். குடியிருப்பு விசா கிடைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று குறிப்பிட்ட சில நாடுகளின் லைசென்ஸை அப்படியே அமீரக லைசென்ஸாக மாற்றித் தருகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஊரில் லாரி ஓட்டியவரானாலும் அங்கே டிரைவிங் ஸ்கூலில் பெயர் எழுதி, கண் பரிசோதனை முடித்து, பாடம் கேட்டு, வண்டியில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பழகித்தான் தீர வேண்டும். ஊர் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி. இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றால் 15 மணி நேரம். லைசென்ஸே இல்லாதவருக்கு 20 மணி நேரம். பயிற்சி இல்லாமலே ஒரே ஒரு முறை நேரடியாகத் தேர்வுக்குப் போய்ப் பார்க்கும் சலுகையும் 2023-ல் வந்தது. அதில் தோற்றால் மறுபடி வகுப்புதான்.

செலவு பல ஆயிரம் திர்ஹாம். ஒவ்வொரு தடவை ஃபெயில் ஆகும்போதும் கூடுதல் வகுப்பு, கூடுதல் கட்டணம். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு இது சாதாரணத் தொகை அல்ல. ஆனாலும் கட்டுகிறார்கள், ஏனென்றால் விற்பனைப் பிரதிநிதி, சைட் இன்ஜினீயர், சர்வீஸ் டெக்னீஷியன் என்று எந்த வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தாலும் அமீரக லைசென்ஸ் கேட்கிறார்கள். அந்த அட்டை ஒருவருடைய சம்பளத்தையே மாற்றிவிடும்.

இந்தக் கட்டுரை அட்டை வாங்குவது எப்படி என்பதைப் பற்றியது அல்ல. அதை டிரைவிங் ஸ்கூல் பார்த்துக்கொள்ளும். அட்டை கைக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாளே ஆறு லேன் சாலையில் பறந்து விபத்தில் சிக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பான எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். அந்நிய ஊரில் வண்டி ஓட்டத் துணிச்சல் வேண்டும் என்று முதலாமவர் நினைக்கிறார், தனக்கு அது இல்லை என்று ஒதுங்குகிறார். இரண்டாமவர் தனக்கு அது நிறைய இருக்கிறது என்று நம்புகிறார். துணிச்சலுக்கு அங்கே வேலையே இல்லை. நான் அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பது பின்னால் வருகிறவருக்கும் பக்கத்தில் வருகிறவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைப் பழகிவிட்டால் பயம் போய்விடும்.

உடம்புக்குத்தான் முதல் பாடம்

நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்து சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார். அங்கே எல்லாம் தலைகீழ். மூளை இதை ஒரே நாளில் புரிந்துகொள்ளும். உடம்பு கேட்காது.

இண்டிகேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஓடும் மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் அது ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம். துபாய் வண்டிகளில் இடப்பக்கம். திரும்ப வேண்டிய இடம் வந்ததும் வலது கை தானாக எழுந்து தட்டும். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் வைப்பர் ஓடும். பின்னால் வருகிறவருக்கோ எந்த சிக்னலும் கிடைத்திருக்காது. அந்த இரண்டு வினாடிக் குழப்பத்தில் பார்வை சாலையை விட்டுக் கீழே இறங்குகிறது பாருங்கள், ஆபத்து அங்கேதான். வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே இடது கையால் இண்டிகேட்டரைப் போட்டுப் போட்டுப் பழகுவது வெறும் சின்னப்பிள்ளை வேலையாகத் தோன்றும். செய்து பாருங்கள், பலன் தெரியும்.

இன்னொன்று, வண்டி ஓடும் இடம். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர் தன்னையறியாமல் தன் உடம்பை லேனின் வலது பாதியில் வைத்திருப்பார். ஊரில் அது சரியான இடம். இப்போது அவர் இடது சீட்டில் இருக்கிறார். ஆனாலும் உடம்பு பழைய இடத்தையே தேடுகிறது. விளைவு, வண்டியின் வலது பாதி பக்கத்து லேனுக்குள் நுழைந்துவிடும், அல்லது நடைபாதை ஓரக் கல்லில் டயர் உரசும். பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் “லெஃப்ட், லெஃப்ட்” என்று சொல்லிக்கொண்டே வருவதற்குக் காரணம் இதுதான். இதற்கு மருந்து, பானெட்டைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பது. பார்வை நூறு மீட்டருக்கு அப்பால் லேனின் நடுவில் இருந்தால் வண்டி தானாக நடுவுக்கு வந்துவிடும். அவ்வப்போது இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெள்ளைக் கோடு சமதூரத்தில் தெரிகிறதா என்று ஒரு பார்வை போதும்.

எப்போது தப்பு நடக்கும்? நெரிசலில் நடக்காது. நெரிசலில் முன்னால் ஒரு வண்டி போகிறது, அதன் பின்னாலேயே போய்விடலாம். விடியற்காலையில் ஆளில்லாத தெருவிலிருந்து இடது பக்கம் திரும்பும்போது, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, சாப்பிட்டுவிட்டு பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்கும்போது, பின்பற்ற ஒரு வண்டியும் இல்லாத அந்த நேரத்தில்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். எதிர்ப்பக்கச் சாலையில் ஏறிவிடுவார்கள். வெறிச்சோடிய சாலையில் திரும்பும்போது மட்டும் ‘டிரைவர் பக்கம் சாலையின் நடுவில் இருக்க வேண்டும்’ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு திரும்பச் சொல்வேன். இந்த விதி உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும். லண்டனில் ஓட்டினாலும் சரி, டொரன்டோவில் ஓட்டினாலும் சரி.

கண்ணால் பேசாதீர்கள்

நம் ஊர்ச் சாலையில் ஓட்டுவதற்கு ஒரு திறமை வேண்டும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எதிரே வரும் பஸ் டிரைவரின் முகத்தைப் பார்த்து அவர் விடுவாரா, விடமாட்டாரா என்று கணிக்கிறோம். ஹார்ன் அடித்து ‘நான் வருகிறேன்’ என்கிறோம். கையைக் காட்டிக் குறுக்கே போகிறோம். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பேச்சுவார்த்தை. அந்தப் பேச்சுவார்த்தையில் தேர்ந்தவர்தான் ஊரில் நல்ல டிரைவர்.

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடும். எதிராளியின் முகம் பார்க்க நேரமில்லை. ஹார்ன் அடித்தால் அது திட்டுவதாக அர்த்தம். ஆகவே பேச்சு முழுக்க இண்டிகேட்டர் வழியாகவும் லேன் வழியாகவும்தான். நான் இந்தக் கோட்டுக்குள் இருக்கிறேன், நீ அந்தக் கோட்டுக்குள் இருக்கிறாய், மாற வேண்டுமானால் விளக்கைப் போட்டுச் சொல்லிவிட்டு மாறுவேன். இந்த ஒப்பந்தத்தை எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் அந்த வேகத்தில் போகிறார்கள்.

இந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றியதற்குப் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. 2007-ல் துபாயில் லட்சம் பேருக்கு சுமார் 22 பேர் சாலை விபத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் கீழே வந்திருக்கிறது. 2022-ல் மட்டும் சாலைகளில் 1,68,491 பேரைப் பறிகொடுத்த நாட்டிலிருந்து போகிற நாம் இந்தக் கணக்கை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். அங்கே ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள்தான். இந்தியர், பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ்காரர், எகிப்தியர் என்று எத்தனையோ ஊர்ப் பழக்கத்தோடு வந்தவர்கள் ஒரே சாலையில் ஓட்டி இதைச் சாதித்திருக்கிறார்கள்.

ரவுண்டானா இதற்கு நல்ல உதாரணம். நம் ஊரில் யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கு வழி. அங்கே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே வழி. அவர் நமக்கு இடப்பக்கத்திலிருந்து வருவார். சுற்றும் திசையும் ஊருக்கு நேர் எதிர். ரவுண்டானாவுக்குள் நுழைவதற்கு முன்பே எந்த லேன் என்று முடிவு செய்திருக்க வேண்டும். வலது பக்கம் போக வேண்டுமானால் வலது லேன். இடது பக்கம் போகவோ யூ-டர்ன் எடுக்கவோ இடது லேன். உள்ளே போன பிறகு மனம் மாறினால் இன்னொரு சுற்று சுற்றி வரலாம். அதற்குத் தடையில்லை. இடது லேனிலிருந்து குறுக்கே வெட்டி வெளியேறுவதுதான் மன்னிக்க முடியாத தப்பு.

லேன் மாறுவதற்கு டிரைவிங் ஸ்கூலில் ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதன் பிறகே ஸ்டியரிங். தோளுக்கு மேல் பார்ப்பதை நம்மவர்கள் டெஸ்ட்டுக்காகச் செய்யும் சடங்காக நினைத்து, லைசென்ஸ் வந்த கையோடு விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எல்லா வண்டியிலும் உண்டு. ஆறு லேன் சாலையில் ஒரு கார் முழுசாக அந்த மூலைக்குள் மறைந்து வர முடியும். தோளைத் திருப்பாமல் லேன் மாறுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மாறுகிறார் என்றே சொல்வேன்.

ரேம்ப்பின் முனையில்

பயிற்சி வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. உள்தெருக்களில் நன்றாகவே ஓட்டி வந்த பெண், ஷேக் சாயித் சாலை என்ற பெருஞ்சாலையில் ஏறும் ரேம்ப்பில் திரும்புகிறார். இடப்பக்கத்தில் வண்டிகள் சரம்சரமாகப் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. வேகம் அறுபது, ஐம்பது, நாற்பது என்று இறங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மலையாள டீச்சரம்மா பதறாமல் சொல்கிறார்: “சேச்சி, பிரேக் வேண்டாம். ஸ்பீடு கொடு. கண்ணாடி பார்... இண்டிகேட்டர்... தோள் பார்... அந்த வெள்ளை வண்டி போகட்டும், அது பின்னாலே போ... போ!” எண்பது, தொண்ணூறு என்று முள் ஏறுகிறது. வெள்ளை வண்டி கடந்ததும் வண்டி அந்த இடைவெளிக்குள் போய் அமர்கிறது. அடுத்த அரை நிமிடத்துக்கு வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை.

அந்நிய நகரத்தில் பயம் போகும் இடம் இதுவே. பயந்தால் மெதுவாகப் போக வேண்டும் என்று நமக்குப் பழக்கம். ரேம்ப்பில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். நூறில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே நாற்பதில் நுழைகிறவருக்கும் ரேம்ப்பின் முனையில் வந்து நின்றுவிடுகிறவருக்கும்தான் அடி விழும். ரேம்ப் கட்டியிருப்பதே வேகத்தை ஏற்றிக்கொள்ள. அதன் முழு நீளத்தையும் பயன்படுத்தி, பெரிய சாலையின் வேகத்தை எட்டிவிட்டு, இடைவெளி பார்த்துச் சேர வேண்டும். அங்கே வேகம்தான் பாதுகாப்பு. இதை ஒரு தடவை உடம்பு உணர்ந்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்தது.

சேர்ந்த பிறகு இடது ஓர லேனுக்குத் தாவாதீர்கள். அது முந்துவதற்கு உள்ள லேன். பின்னால் ஒரு பெரிய வண்டி விளக்கை அடித்தால் ‘வழிவிடு’ என்று அர்த்தம். கோபப்பட ஒன்றுமில்லை, இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் ஒதுங்கிவிடலாம். வலது ஓர லேனில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மாறி மாறி வருவார்கள். புதியவருக்கு வலமிருந்து இரண்டாவது, மூன்றாவது லேன்தான் நிம்மதி. முன் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி. அந்த இடைவெளிக்குள் யாராவது புகுவார்கள். புகட்டும். மறுபடி இரண்டு வினாடி விட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸிட் போச்சா? போகட்டும்!

துபாய்ச் சாலைகளில் நான் கேட்ட அறிவுரைகளிலேயே உயிர்காக்கும் அறிவுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து பல வருடம் டெலிவரி வேன் ஓட்டிய ஒரு அண்ணன் சொன்னது. “எக்ஸிட் போச்சா, போகட்டும் தம்பி. அடுத்த எக்ஸிட்ல இறங்கித் திரும்பி வரலாம். பத்து நிமிஷம் லேட் ஆகும், அவ்வளவுதானே.”

ஜிபிஎஸ் அம்மா கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பச் சொல்லும். நாமோ நடு லேனில் இருப்போம். அந்த நொடியில் மூன்று லேனைக் குறுக்கே வெட்டி எக்ஸிட்டைப் பிடிக்கத் தோன்றும். அமீரகச் சாலைகளில் உயிரிழப்புக்குக் காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்லும் முக்கியக் காரணங்களில் இந்தத் திடீர்த் திருப்பமும் ஒன்று. 1,000 திர்ஹாம் அபராதம், லைசென்ஸ் கணக்கில் நான்கு கறுப்புப் புள்ளிகள். அதைவிட, உயிர் போனால் வராது. எக்ஸிட்டைத் தவறவிடுவது அங்கே தப்பே அல்ல. அது எல்லோருக்கும் நடக்கும், அந்த ஊரிலேயே பிறந்தவருக்கும் நடக்கும். பிசினஸ் பே, துபாய் மால் பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாலங்கள் ஏறி இறங்கும்போது, நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று ஜிபிஎஸ்ஸுக்கே பிடிபடாமல் போய்விடும்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்வது பயத்துக்கு நல்ல மருந்து. நேரம் கையில் இருப்பவர் எக்ஸிட்டைத் துரத்த மாட்டார்.

கடல் எந்தப் பக்கம்?

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி ஓட்டுகிறவருக்கு ஊர் மனதில் பதியாது. ஊர் பதியாதவரைக்கும் பயமும் போகாது. துபாயைப் பொறுத்தவரை இது அத்தனை கஷ்டமான காரியமல்ல. நகரம் கடற்கரையை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிறது. கடலிலிருந்து பாலைவனத்தை நோக்கி நடந்தால் பெரிய சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் கடலோரம் ஜுமைரா சாலை. அடுத்து அல் வஸ்ல் சாலை. அதற்கு அடுத்து ‘இ 11’ என்று எண்ணிட்ட ஷேக் சாயித் சாலை. பிறகு ‘இ 44’ அல் கைல் சாலை. அப்புறம் ‘இ 311’ ஷேக் முகமது பின் சாயித் சாலை. கடைசியில் ‘இ 611’ எமிரேட்ஸ் சாலை. ஏறக்குறைய எல்லாமே ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஒரு முனை அபுதாபி, மறுமுனை ஷார்ஜா. இதை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து பாருங்கள். கடல் எந்தப் பக்கம், ஷார்ஜா எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எந்த எக்ஸிட்டைத் தவறவிட்டாலும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

பழைய ஊரான தேராவையும் பர் துபாயையும் பிரிப்பது கிரீக் என்ற கடற்கழி. அதைக் கடக்க 1963-ல் திறந்த அல் மக்தூம் பாலம் முதல், 2022 ஜனவரியில் திறந்த இன்ஃபினிட்டி பாலம் வரை பல வழிகள் உண்டு. எந்தப் பாலத்தில் எப்போது நெரிசல் என்பது உள்ளூர் அறிவு. கராமாவில் இட்லி சாப்பிட்டுவிட்டு அல் குசைஸுக்குத் திரும்புகிறவர்களைக் கேட்டால் தெரியும். மாலையில் துபாயிலிருந்து ஷார்ஜா போகும் அல் இத்திஹாத் சாலைக்குப் புதியவர் போகவே வேண்டாம்.

பழக நல்ல நேரம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. 2022-லிருந்து அங்கே சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. ஞாயிறன்று சாலையோரப் பெரும்பாலான பார்க்கிங்குக்குக் கட்டணம் கிடையாது. முதலில் ஜுமைரா சாலை, அல் வஸ்ல் சாலை. வேகம் குறைவு, சிக்னல்கள் உண்டு, ஒருபக்கம் கடல் இருப்பதால் திசை குழம்பாது. அங்கே கை தெளிந்ததும் அல் கைல். அதற்குப் பிறகே ஷேக் சாயித் சாலை. ஒரே பாதையை, உதாரணமாக வீட்டிலிருந்து ஆபீஸ் வரை, கை பழகும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். புதுப்புது இடங்களுக்குப் போவது அப்புறம் இருக்கட்டும்.

முகாலஃபா என்னும் பயம்

வளைகுடாத் தமிழர் வாயில் அபராதத்துக்கு முகாலஃபா என்று பெயர். பயம் நியாயமானதுதான். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், 12 கறுப்புப் புள்ளிகள், வண்டியும் பறிமுதல். அந்த வண்டியை மீட்க துபாயில் 50,000 திர்ஹாம் கட்ட வேண்டும் என்று 2023-ல் ஆணை வந்தது. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 800 திர்ஹாம், நான்கு புள்ளிகள். பள்ளிப் பேருந்து நின்று ‘ஸ்டாப்’ பலகையை விரித்தால் ஐந்து மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நாமும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 1,000 திர்ஹாம், 10 புள்ளிகள். நடந்து கடப்பவருக்கு நிற்காவிட்டால் 500 திர்ஹாம், ஆறு புள்ளிகள். புள்ளிகள் 24 சேர்ந்தால் லைசென்ஸையே முடக்கிவிடுவார்கள்.

வேக வரம்பில் ஒரு நுணுக்கம் உண்டு. துபாயில் பலகையில் போட்டிருப்பதைவிட 20 கிலோமீட்டர் வரை கேமரா பொறுத்துக்கொள்ளும். அபுதாபியில் 2018 ஆகஸ்டிலிருந்து அந்தச் சலுகை கிடையாது. பலகையில் என்னவோ அதுதான். எல்லை தாண்டும்போது இதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். சலுகை இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டியதும் இல்லை.

சாலிக் சுங்கத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 2007-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் கண்ணாடியில் ஒட்டிய வில்லையை மேலே உள்ள கருவி படித்துவிடும். வண்டி நிற்க வேண்டாம். சுங்கத்தை மிச்சம் பிடிக்க அவசரமாக லேன் மாறுவதுதான் தவறு. 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்துக்கு ஆறு திர்ஹாம், மற்ற நேரத்துக்கு நான்கு, நள்ளிரவு ஒரு மணியிலிருந்து காலை ஆறு வரை இலவசம்.

சின்ன உரசல் நடந்துவிட்டால் நடுரோட்டில் இறங்கிப் பஞ்சாயத்து வேண்டாம். கெட்ட வார்த்தைக்கும் ஆபாசக் கைச்சைகைக்கும் அங்கே வழக்கு உண்டு. வண்டியை ஓரம் கட்டி, காவல்துறையின் செயலியில் பதிவு செய்தாலோ, 999-க்கு அழைத்தாலோ போதும். தப்பு யார்மேல் என்று அவர்கள் எழுதித் தருவார்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் வண்டியைத் தொடாது.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு

ஊரில் ஸ்கூட்டி மட்டுமே ஓட்டிய எத்தனையோ தமிழ்ப் பெண்கள் துபாயில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். தியரித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பெண்களுக்குச் சொல்லித் தரப் பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விட, பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போக, ராத்திரி காய்ச்சல் என்றால் கணவர் அபுதாபி சைட்டில் இருந்தாலும் தானே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, அந்த அட்டை அவர்களுக்குத் தருகிற சுதந்திரத்தை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்நிய ஊரில் நாலு சுவருக்குள் இருந்த ஒருத்தி, சாவியை எடுத்துக்கொண்டு தானாக வெளியே கிளம்புகிறாள். குடும்பத்தில் அவள் பேச்சுக்கு உள்ள எடையே கூடிவிடுகிறது.

அவர்களுடைய தைரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சாலை அல்ல, பக்கத்து சீட். மாஸ்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுவார். கணவரோ பத்து வினாடிக்கு ஒன்று சொல்லுவார். “பிரேக், பிரேக்!” என்று அலறுவார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார், பிள்ளைகள் முன்னால் திட்டுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் அந்தப் பெண் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட ஆறு மாதம் ஆகும். கணவன்மார்களே, வண்டி ஓடும்போது திசையை மட்டும் சொல்லுங்கள், அதுவும் ஒரு கிலோமீட்டர் முன்பே. திருத்த வேண்டியதை வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள். அது முடியாது என்றால் லைசென்ஸ் வாங்கிய பிறகும் இரண்டு மூன்று வகுப்புக்குப் பணம் கட்டி, பயிற்சியாளரோடு சொந்தப் பாதையில் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்கூல் போகும் வழி, ஆபீஸ் போகும் வழி என்று கேட்டு வாங்கிப் பழகலாம். அந்தப் பணம் வீண் போகாது.

யார் ஓட்டினாலும் பனியும் மழையும் தனி. டிசம்பர், ஜனவரி விடியலில் பாலைவனத்துப் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது. அபுதாபியில் அப்போது மின்பலகைகளில் வேக வரம்பை 80-க்கு இறக்கிவிடுகிறார்கள். பனியில் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். அது நின்ற வண்டிக்கு உரியது, பின்னால் வருகிறவர் நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று குழம்புவார். 2024 ஏப்ரல் 16-ல் பெய்தது, 75 வருடப் பதிவுகளில் இல்லாத மழை. சாலைகளில் கார்கள் மிதந்தன. மழையில் ஓட்டிய அனுபவம் நமக்கு உண்டு என்று யாரும் அங்கே கிளம்ப வேண்டாம். அந்தச் சாலைகள் அவ்வளவு மழையை எதிர்பார்த்துக் கட்டியவை அல்ல. வீட்டில் இருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும். லைசென்ஸ் வந்த மறுநாளே புதியவன் கையில் வேன் சாவியைக் கொடுத்து, ஒரே நாளில் ஷார்ஜா, ஜெபல் அலி, அபுதாபி என்று மூன்று இடத்துக்கு அனுப்புகிற வழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது. ‘முடியாது’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, வேலை போய்விடும் என்ற பயம். அவனுக்கு முதல் இரண்டு வாரமாவது நகரத்துக்குள் பக்கத்து இடங்களை மட்டும் கொடுங்கள், பழைய டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு வைக்காதீர்கள். ஊரில் அவனை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.